எனக்கு முந்தின நாள் வந்த மனிதர்

பேய், ஆவி, சகுனம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, என் வேலை அப்படி. சிட்னியில் ரயில் சிக்னல்களைப் பழுது பார்ப்பவன். பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தால் பின்னால் ஒரு வயர் அறுந்திருக்கும், இல்லாவிட்டால் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கும், இல்லாவிட்டால் எலி கடித்திருக்கும். தேடினால் காரணம் கிடைக்கும், கிடைக்காவிட்டால் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம். கெல்லிவில்லில் என் நண்பர் ஒருவர் புது வீட்டுக்குக் குடிபோன கையோடு கூரைக்குள் யாரோ நடக்கிறார்கள் என்று பயந்து, ஐயரைக் கூப்பிட்டுச் சாந்தி செய்ய நாளும் பார்த்துவிட்டார். நான்தான் ஏணி வைத்து ஏறி டோர்ச் அடித்துப் பார்த்தேன். பூனை அளவு மரவிலங்கான ஒரு பொஸமும் அதன் குட்டியும் பஞ்சுக்குள் வசதியாகப் படுத்திருந்தன. அந்தக் கதையை எத்தனையோ விருந்துகளில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஆகவே இனிச் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், மிச்சம் உங்கள் பாடு.

என் மனைவி சுகந்தியின் தமையன் பாரிசில் இருக்கிறார். அவருடைய மகள் மதுரா, தன்னோடு வேலை செய்த ஒரு பையனை விரும்பினாள். பையனின் சொந்த இடம் குவாதலூப், கரீபியன் கடலில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருக்கிற ஒரு தீவு. பெயர் ஜெரோம் என்றாலும் ஆளைப் பார்த்தால் எங்கள் ஆட்களில் ஒருவர்தான். பல தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழிவந்த குடும்பம். குடும்பப் பெயரின் கடைசியில் 'சாமி' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தமிழ் மட்டும் ஒரு சொல்லும் இல்லை. கல்யாணத்தை அங்கேயே வைத்தார்கள். சிட்னியிலிருந்து பாரிசுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு விமானம் ஏறி, கால் வீங்கிப்போய் நாங்கள் இறங்கினோம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அதன் பிறகு பாரிஸ் ஆட்கள் எல்லோரும் திரும்பிவிட, இவ்வளவு தூரம் வந்துவிட்டு உடனே போவதா என்று நாங்கள் இருவரும் இன்னும் சில நாள் தங்கினோம். கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு, வாடகைக்கு ஒரு கார். அங்கே வீதியின் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஒவ்வொரு சந்தியிலும் சுகந்தி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். வயோதிபர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறவள், இரத்தத்தையும் மரணத்தையும் தினம் பார்க்கிறவள், ஆனால் நான் கார் ஓட்டினால் மட்டும் பயம்.

வியாழக்கிழமை ஜெரோமின் பெற்றோர் வீட்டில் சாப்பாடு. தீவின் மறுகரையில் வீடு. காலையில் போனவர்கள், கரும்பாலை பார்த்து, சந்தை பார்த்து, பலாக்காய் போல ஏதோ ஒன்றைப் பொரித்துத் தந்ததையும் தின்று, அவர்கள் வீட்டு ஆட்கள் இருபது பேருக்கு நடுவில் பாதி கை அசைவிலேயே பேசிச் சிரித்து, இருட்டிய பிறகுதான் திரும்பினோம். இதை ஏன் இவ்வளவு விபரமாகச் சொல்கிறேன் என்றால், அந்த வியாழக்கிழமை நான் வேறு எங்கும் இல்லை. அதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் வெள்ளி. சுகந்தி வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சாப்பிடமாட்டாள், கரீபியன் போனாலும் அந்த விரதம் கூடவே வரும். அந்தத் தீவில் எந்தக் கடைக்குப் போனாலும் மீன், இறால், பன்றி. பகல் முழுக்க வெள்ளை மணல் கடற்கரைகளையும், தீவு முடிகிற இடத்தில் காற்று ஆளைத் தள்ளுகிற ஒரு பாறை முனையையும் பார்த்துவிட்டு, பசியோடு கடலோர வீதியால் வரும்போதுதான் அந்த இத்தாலியச் சாப்பாட்டுக் கடையைக் கண்டாள்.

"இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோ. இத்தாலிக்காரன்ர கடையில மரக்கறி ஏதும் இருக்கும்."

பொழுது சாய்கிற நேரம். தகரக் கூரை போட்டு, கடலைப் பார்த்தபடி மேசைகள் போட்ட சின்னக் கடை. சுகந்தி காரடியில் நின்று செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் முதலில் உள்ளே போனேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நரைத்த தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தவர், என்னைக் கண்டதும் கையிலிருந்த தட்டத்தை வைத்துவிட்டு நேரே வந்தார். வந்து என் தோளில் கை வைத்தார். ஆங்கிலத்தில் சொன்னார், "வந்துவிட்டீர்களா, நேற்றிலிருந்து உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

சுற்றுலா இடத்தில் வியாபாரம் இப்படித்தான் போலிருக்கிறது என்று சிரித்தேன். அப்போது எனக்குப் பின்னால் சுகந்தி வந்து நின்றாள்.

அந்தப் பெண்ணின் கை என் தோளிலிருந்து விழுந்தது. எடுத்தார் என்று சொல்ல முடியாது, விழுந்தது. "இது யார்?" என்று கேட்டார். என் மனைவி என்றேன். அவர் சுகந்தியையே பார்த்தார், பிறகு ஒரு மேசையைக் காட்டிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். உள்ளே ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. வெகுநேரம் ஒருவரும் வரவில்லை.

"என்னப்பா, எங்கட முகத்தில ஏதும் எழுதியிருக்கோ?" என்று சுகந்தி கேட்டாள்.

பிறகு சமையல்காரரே வந்து என்ன வேண்டும் என்று கேட்டுப் போனார். தக்காளி போட்ட பாஸ்டா ஒன்றும், கத்தரிக்காயைத் துண்டு துண்டாக அடுக்கிச் சீஸ் போட்டு வாட்டிய ஒன்றும் வந்தன. சுகந்திக்கு அந்தக் கத்தரிக்காய் நன்றாகப் பிடித்துவிட்டது. "புளி மட்டும் கொஞ்சம் விட்டிருந்தா எங்கட குழம்புதான்" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிய, கடலில் சூரியன் இறங்குவதைப் படம் எடுக்கப் போனாள்.

அவள் படியிறங்கிய உடனே அந்தப் பெண் வந்து என் எதிரே உட்கார்ந்தார். தன் பெயர் ரொசெல்லா என்றும், கடை தன்னுடையது என்றும் சொன்னார். பிறகு சொன்னதை என்னால் முடிந்த அளவுக்கு அவர் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

"நேற்று இதே நேரம் நீங்கள் தனியாக வந்தீர்கள்."

இல்லை, நேற்று நாங்கள் தீவின் மறுபக்கம் இருந்தோம் என்றேன்.

"இந்தச் சட்டைதான். இந்த விரல்தான்." என் வலது கையைக் காட்டினார். பழைய வேலையொன்றில் இரும்புக் கதவுக்குள் அகப்பட்டு என் சுட்டுவிரல் நுனி நெளிந்துவிட்டது, புதிதாகப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பார்ப்பார்கள். "ஆனால் முழுக்க நனைந்திருந்தீர்கள். இரண்டு சாப்பாடு கேட்டீர்கள். ஒன்றை எதிரே, கதிரைக்கு முன்னால் வைக்கச் சொன்னீர்கள். இரண்டையும் தொடவில்லை. யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் என் மனைவியைக் கொண்டுபோய்விட்டது என்று சொன்னீர்கள்."

நான் ஆள் மாறிவிட்டது என்று சொல்லத் தொடங்கினேன். எங்கள் நிறத்து ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரித் தெரிவது ஒன்றும் புதிதில்லை, அதுவும் அந்தத் தீவில் எங்களைப் போன்ற முகங்கள் நிறைய. விரல் நெளிந்த இன்னொருவர் இருக்கக் கூடாதா. அப்படித்தான் என் மூளை ஓடியது, வயரைத் தேடி.

ரொசெல்லா தலையை ஆட்டினார். "உங்கள் மொழியில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் காதை விட்டுப் போகவில்லை." கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பாட்டை நினைவுபடுத்துகிறவர் மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

"கைய விட்டிட்டன். கைய விட்டிட்டன்."

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். ஒரு இத்தாலியப் பெண்ணின் வாயிலிருந்து யாழ்ப்பாணத்தான் பேசுகிற பேச்சு, அதுவும் நான் பேசுகிற மாதிரி, முதல் தரம் கொஞ்சம் உரக்கவும் இரண்டாம் தரம் மூச்சு அடங்கியும். அதன் அர்த்தம் என்ன என்று அவர் கேட்டார். நான் சொல்லவில்லை.

ரொசெல்லா எழுந்து போய்க் கடையின் பக்கச் சுவரோடு சாய்த்து வைத்திருந்த ஒரு கதிரையைக் காட்டினார். நேற்று நான் உட்கார்ந்ததாம். காலையிலிருந்து வெயிலில் வைத்தும் காயவில்லை என்றார். மெத்தையைத் தொட்டேன். ஈரம். கையை மூக்கடியில் கொண்டுபோனபோது சேறும் அழுகிய இலையும் மணத்தது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை, ஏனென்றால் என் மனம் அதற்குள் கடலுக்குப் போய்விட்டது. மறுநாள் சனிக்கிழமை படகில் பக்கத்துத் தீவுகளைப் பார்க்கப் போவதாக இருந்தோம். ஜெரோமின் சித்தப்பா எங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தார். ரொசெல்லாவுக்கு அது தெரிய வழியில்லை, நானும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் காரில் சுகந்தியிடம் சொன்னேன். முழுவதையும் சொல்லவில்லை. சொன்னால் அவள் சிரிப்பாள், அவள் சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன், பிறகு காலையில் படகு ஏறிவிடுவோம். அது எனக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்குப் படகு வேண்டாம் சுகந்தி."

"ஏன்?"

"கடல் சரியில்லையாம்."

"ஆர் சொன்னது?"

"அந்தக் கடைக்கார மனுசி."

"அவவுக்கென்ன தெரியும், கத்தரிக்காய் வாட்டுறவ. கடல் குளம் மாதிரிக் கிடக்கு. நீங்களெல்லோ வாற நேரம் முழுக்கப் படகு, படகு எண்டு சொல்லிக்கொண்டு வந்தனீங்கள்?"

வயிற்றுக்குச் சரியில்லை என்றும் ஒரு பொய் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் போன பிறகும் அதிகம் கதைக்கவில்லை. காலையில் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அப்ப மலைப்பக்கமாவது போவம். மதுரா சொன்னவள், காட்டுக்க வடிவான நீர்வீழ்ச்சி இருக்காம். காரால இறங்கிக் கொஞ்சம் நடந்தாக் காணும்" என்றாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. மலை. கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு போகிற பாதை. உடனே சரி என்றேன்.

அந்தத் தீவின் தெற்கில் காடு மூடிய எரிமலை ஒன்று இருக்கிறது. மேலே எப்போதும் முகில் மூடியிருக்கும், கீழே வெயில் எரிக்கும். நாங்கள் போன இடத்திலும் நல்ல வெயில். கார் விடுகிற இடத்தில் பிரெஞ்சில் ஏதோ அறிவித்தல் பலகை, எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. பாதை நெடுக ஆளுயரப் பன்னச் செடிகள். நீர்வீழ்ச்சி பெரிதில்லை, ஆனால் வடிவு. தண்ணீர் விழுந்து ஒரு குளம்போல நின்று, பிறகு பெரிய பாறைகளுக்கு நடுவால் ஆறாக ஓடியது. கண்ணாடி மாதிரித் தண்ணீர், முழங்காலுக்கும் வராது. உள்ளூர்க் குடும்பங்கள் சில குளித்துக்கொண்டிருந்தன. ஆற்றின் நடுவில் தட்டையாக ஒரு பாறை இருந்தது. அதில் ஏறி நின்று படம் எடுக்க வேண்டும் என்று சுகந்தி சொன்னாள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்தேன். அந்தப் படம் இப்போதும் போனில் இருக்கிறது, சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

முதலில் கவனித்தது உள்ளூர் ஆட்களைத்தான். ஒருவர் மேலே பார்த்து ஏதோ சொன்னார், உடனே எல்லோரும் துவாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். எங்களைப் பார்த்தும் கையை வீசிக் கத்தினார்கள். வெயில் அப்படியே இருந்தது. எனக்கு என்னவென்று விளங்கவில்லை. தண்ணீரைப் பார்த்தேன். தேத்தண்ணி நிறமாக மாறிக்கொண்டிருந்தது. இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. அந்த மணம் வந்தது, சேறும் அழுகிய இலையும். நேற்றுக் கதிரையில் மணத்தது.

அப்போதுதான் புரிந்தது. ரொசெல்லா கடல் என்று ஒரு தரமும் சொல்லவில்லை. தண்ணீர் என்றுதான் சொன்னார்.

"சுகந்தி, வாரும், கெதியா வாரும்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். மலை உச்சியில் பெய்த மழை அப்படித்தான் இறங்குமாம், பிறகு சொன்னார்கள். கீழே நிற்கிறவருக்கு ஒரு துளியும் தெரியாது. கரைக்கு ஒரு பாய்ச்சல் தூரம் இருக்கும்போது பெரிய இரைச்சலோடு வெள்ளம் வந்தது. நான் கரையோரத்து மரத்தின் வேரை இடது கையால் பிடித்துவிட்டேன். வலது கையில் அவளுடைய வலது கை. தண்ணீர் அவள் இடுப்புக்கு ஏறியது, பிறகு நெஞ்சுக்கு. கால் நிலத்தில் தட்டவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. என் கை ஈரம், அவள் கை ஈரம், பிடிக்கப் பிடிக்க விரல்கள் சறுக்கின. ஒரு மரக்குற்றி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் அடித்தது.

கை வெறுமையாக இருந்தது.

நான் கத்தினேனாம். கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். எனக்குக் கேட்டது என்னுடைய குரல்தான், ஆனால் அதை நான் முதல்நாளே கேட்டிருந்தேன். கைய விட்டிட்டன். கைய விட்டிட்டன். முதல் தரம் உரக்க, இரண்டாம் தரம் மூச்சு அடங்கி.

இனிச் சொல்வதுதான் நான் ஒருவருக்கும் சரியாகச் சொல்லி முடிக்க முடியாத இடம். சுகந்தி போகவில்லை. மரக்குற்றியைத் தீக்குச்சி மாதிரி உருட்டிக்கொண்டு போன அந்தத் தண்ணீரில் அவள் நின்றாள். நின்றாள் என்பதும் சரியில்லை, தொங்கினாள். உடம்பு முழுக்க ஆற்றோடு இழுபட, இடது கை மட்டும் ஆற்றின் நடுப்பக்கமாக நேராக நீண்டு, தண்ணீருக்கு மேலே, விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்தபடி. அந்தப் பக்கத்தில் பாறை இல்லை, கொப்பு இல்லை, வேர் இல்லை. பழுப்புத் தண்ணீர் மட்டும்தான். நான் பார்த்தேன். வேலையில் எத்தனையோ பெட்டிகளைத் திறந்து பார்த்த கண்ணால்தான் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

பிறகு அவள் கரைப்பக்கம் வந்தாள். நீந்தவில்லை, அவளுக்கு நீந்தத் தெரியாது. யாரோ கொண்டுவந்து விடுகிற மாதிரி, ஓட்டத்துக்குக் குறுக்காக. அவள் தோளில் மாட்டியிருந்த பையின் வாரை நான் பிடித்தேன், பின்னால் ஒரு உள்ளூர் மனிதர் என் இடுப்புப் பட்டியைப் பிடித்தார், எல்லோருமாக இழுத்துப் போட்டோம்.

குடித்த தண்ணீரையெல்லாம் சத்தி எடுத்துவிட்டு அவள் முதலில் சொன்னது இதுதான்.

"விட்டிட்டியள் எண்டு நினைச்சிட்டன். நல்ல காலம், மற்றப் பக்கத்தால வந்து பிடிச்சிட்டியள்."

"எந்தப் பக்கத்தால?"

இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "இஞ்சால. நீங்கள் எப்பிடியப்பா அங்கால போனனீங்கள்?"

"நான் போகேல்லை சுகந்தி. நான் இஞ்சதான் நிண்டனான்."

"எனக்கு உங்கட கையைத் தெரியாதோ?" என்றாள். "அந்த வளைஞ்ச விரல் என்ர கையில அழுத்தினது இப்பவும் நோகுது."

மாலைக்குள் அவள் இடது மணிக்கட்டில் கன்றிக் கறுத்துவிட்டது. விரல் அடையாளம். அதில் ஒன்று நுனியில் நெளிந்திருந்தது. என் கையை அதன்மேல் வைத்துப் பார்க்கச் சொன்னாள். வைத்தேன். பொருந்தியது. நான் உடனே கையை எடுத்துவிட்டேன்.

அன்று படகில் போனவர்கள் எல்லோரும் வெயிலில் கறுத்து, நல்ல சந்தோசமாகத் திரும்பி வந்தார்கள். கடல் குளம் மாதிரித்தான் இருந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விமானம். போகிற வழியில் ரொசெல்லாவின் கடையில் நிறுத்தினேன். மத்தியானம், கடையில் கூட்டம். எங்களைக் கண்டதும் அவர் வந்து சுகந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சுகந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை, இருந்தாலும் அவளும் கட்டிப்பிடித்தாள், இத்தாலிக்காரர் பாசக்காரர் என்று நினைத்திருப்பாள். அவள் கை கழுவப் போன நேரத்தில் நடந்ததைச் சொன்னேன். ரொசெல்லா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு, தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். என்னை நம்பிச் சொல்லலாமோ என்று அவருக்கும் பயம் இருந்தது என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போன பிறகு அவர் சமையல்காரரிடம் கேட்டிருக்கிறார், வியாழன் பின்னேரம் வந்தவரும் இவரும் ஒருவர்தானே என்று. அதற்குச் சமையல்காரர், வியாழக்கிழமை அந்த மேசையில் யாருமே இருக்கவில்லை, நீங்கள்தான் இரண்டு தட்டை வைத்துவிட்டு, எதிரே நின்று வெகுநேரம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள், கேட்கப் பயந்து நான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

"எனக்குப் பைத்தியம் இல்லை" என்றார் ரொசெல்லா. "கதிரை நனைந்திருந்ததை நீங்கள் தொட்டுப் பார்த்தீர்கள்தானே?"

ஓம், தொட்டேன் என்றேன்.

"அவர் எழுந்து போகும்போது எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். திரும்பிப் போகிறேன், அவளைத் தேட, என்றார். இந்த நிலையில் போகாதீர்கள் என்று கையைப் பிடித்தேன். மிகவும் மரியாதையாகக் கையை எடுத்துவிட்டுப் போனார்."

விமானத்தில் சுகந்திக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப அவர் இப்ப எங்க?"

அவள் அழுதாள். தான் பிழைத்ததற்கு அழுததாக எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதருக்காகத்தான் அழுதாள். சரியாகச் சொன்னால் எனக்காக, நான் இல்லாத ஒரு எனக்காக. கட்டின மனைவி எனக்கு முன்னாலேயே இன்னொரு என்னை நினைத்து அழ, நான் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன்.

சிட்னியில் டூங்காபி வீட்டுக்குத் திரும்பி மகளிடம் சொன்னோம். அவள் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறாள். "டாட், யூ வேர் போத் இன் ஷாக்" என்றாள், அதிர்ச்சியில் இருக்கிற நேரத்தில் மூளை எதையும் செய்யுமாம். கன்றல் மரக்குற்றி பட்டதால் இருக்கலாம் என்றாள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஒரு இத்தாலியப் பெண்ணுக்குத் தெரிந்த அந்த இரண்டு தமிழ்ச் சொற்களைத் தவிர. அதைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டாள்.

கன்றல் மறைந்தது. வேலைக்குப் போனோம். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை ஹரிஸ் பார்க் கடைகளில் சாமான் வாங்கிக்கொண்டு பரமட்டா ஸ்டேஷனுக்கு இருவரும் நடந்து வந்தோம். நல்ல பகல், நல்ல வெயில். எனக்குப் போன் வர, கொஞ்சம் பின்தங்கிவிட்டேன். முன்னால் போகிற சுகந்தியைப் பின்னாலிருந்து பார்த்தேன். வலது கையில் பை. இடது கை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, விரல்கள் மடிந்து, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நடைக்கு ஏற்றபடி மெல்ல முன்னும் பின்னும் ஆடியது. கிட்டப் போனதும் சாதாரணமாகிவிட்டது. ஏன் கையை அப்படி வைத்திருந்தீர் என்று கேட்டேன். "எப்பிடி?" என்றாள். அவளுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு பல தரம் பார்த்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. நான் எப்போதும் அவளுடைய வலது பக்கத்தில்தான் நடக்கிறேன். ஏனென்று என்னைக் கேட்காதீர்கள், அந்தப் பக்கத்துக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை.

கையைக்கூட நான் பழக்கம் என்று விட்டிருப்பேன். ஆனால் பரமட்டா ஸ்டேஷனில் வேலை முடிகிற நேரம் எவ்வளவு நெரிசல் என்று உங்களுக்குத் தெரியும், ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடக்க முடியாது. என்னை இடித்துக்கொண்டுதான் எல்லோரும் போகிறார்கள். சுகந்தியின் இடது பக்கத்தால் எதிரே வருகிறவர்கள் மட்டும், போனைப் பார்த்துக்கொண்டு தலை நிமிராமல் வருகிறவர்கள்கூட, இன்னும் ஒரு ஆளுக்கு இடம் விட்டுச் சுற்றிப் போகிறார்கள்.